முதல் குண்டு ஏன் மெதுவாகப் போகிறது?

காற்றுத் துப்பாக்கி ஒன்றின் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிக்கொண்டு வரிசையாகச் சுடத் தொடங்குகிறோம். ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் காற்று செலவாகிறது; அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது. இதில் எந்தக் குண்டு அதிக வேகத்தில் போகும்? காற்று நிறைந்திருக்கும்போது சுட்ட முதல் குண்டுதான் என்று சொல்லத் தோன்றும். குழலின் வாய்க்கு முன்னால் குரோனோகிராஃப் என்ற வேகமானியை வைத்து அளந்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. முதல் குண்டு மெதுவாகப் போகிறது. அடுத்தடுத்த குண்டுகள் அதைவிட வேகம் எடுக்கின்றன. சிலிண்டரில் கால் பங்குக் காற்று தீர்ந்த பிறகுதான் வேகம் உச்சத்தைத் தொடுகிறது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம்தான் இறங்க ஆரம்பிக்கிறது.

இது ஏன் என்று புரிந்துகொண்டால், ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்: இதில் காற்றின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் ஒன்றைப் பொருத்தலாமா, வேண்டாமா?

முதலில் எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். மெரினா கடற்கரையில் பலூன் சுடக் கொடுக்கிறார்களே, குழலை மடக்கி நிமிர்த்தும் துப்பாக்கி, அது இந்தக் கதையில் வராது. அதற்குள் இருப்பது ஒரு பெரிய ஸ்பிரிங்கும் பிஸ்டனும். குழலை மடக்கும்போது ஸ்பிரிங் சுருங்குகிறது. விசையை இழுத்ததும் அது விரிந்து, எதிரில் இருக்கும் காற்றை அந்தக் கணத்தில் அழுத்தி, குண்டைத் தள்ளுகிறது. சேமித்து வைத்த காற்று அதில் கிடையாது. நாம் பேசுவது, முன்கூட்டியே அடைத்து வைத்த காற்றால் இயங்கும் வகை. குழலுக்குக் கீழே நீளமாக ஒரு சிலிண்டர் இருக்கும். பம்பாலோ கம்ப்ரஸராலோ, ஸ்கூபா வீரர்கள் வைத்திருப்பது போன்ற பெரிய சிலிண்டரிலிருந்தோ அதில் காற்றை ஏற்றுவார்கள். 200 பார் என்பது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு.

அந்தச் சிலிண்டரின் கடைசியில் ஒரு வால்வு இருக்கிறது. காற்று உள்ளேயிருந்து தள்ளித் தள்ளி அதை மூடியே வைத்திருக்கிறது. வால்வின் தண்டு மட்டும் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். விசையை இழுத்தால், ஸ்பிரிங்கால் பின்னுக்கு இழுக்கப்பட்டிருந்த ஒரு சிறு சுத்தி விடுபட்டு ஓடிவந்து அந்தத் தண்டில் மோதும். வால்வு திறக்கும், காற்று பாயும், குண்டு கிளம்பும். சுத்தியின் வேகம் தீர்ந்ததும் காற்றின் அழுத்தமே வால்வைத் திரும்ப மூடிவிடும். இவ்வளவும் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வால்வின் வாய் 6 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 28 சதுர மில்லிமீட்டர் சொச்சம். சிலிண்டரில் 200 பார் இருக்கும்போது அதை மூடி வைத்திருக்கும் விசை ஏறக்குறைய 58 கிலோ எடைக்குச் சமம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய மூடி அது. சுத்தி எவ்வளவுதான் பலமாக மோதினாலும் இந்த விசைக்கு எதிராக வால்வை மயிரிழை தூரம்தான் தள்ள முடியும். உடனே அது படக்கென்று மூடிக்கொள்ளும். அழுத்தம் 120 பாருக்கு இறங்கிவிட்டால் எதிர்க்கும் விசை 35 கிலோவாகக் குறைகிறது. சுத்தியோ அதே சுத்தி, அடியும் அதே அடி. அதனால் வால்வு அதிகம் திறக்கிறது, அதிக நேரம் திறந்திருக்கிறது.

ஆக, அழுத்தம் மிகுந்திருக்கும்போது கதவு கொஞ்சமாகத் திறக்கிறது. குறையக் குறைய அகலமாகத் திறக்கிறது. வெளியேறும் காற்றின் அளவு, அழுத்தம், கதவு திறக்கும் அளவு ஆகிய இரண்டையும் பெருக்கினால் வருவது. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுவதால், நடுவில் ஓர் இடத்தில் பெருக்குத்தொகை உச்சத்துக்குப் போய், சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. எந்த மின்னணுக் கருவியும் இல்லை, எந்த உணர்வியும் இல்லை. ஒரு சுத்தி, ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு ஆகிய மூன்றும் சேர்ந்து தங்களைத் தாங்களே திருத்திக்கொள்கின்றன. ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியை மட்டமானது என்று நினைப்பவர்கள் இந்த அழகைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

வரைபடத்தாளில் போட்டால் இது ஒரு குன்றுபோல வரும். ஒரு மாதிரிக்குச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். 200 பாரில் குண்டின் வேகம் நொடிக்கு 228 மீட்டர். 170 பாரில் 238. 150 பாரில் 242, அதுதான் உச்சி. 130 பாரில் மறுபடி 238. 110 பாரில் 226. குன்றின் உச்சியில் இருக்கும் சமதளம் 170-இலிருந்து 130 வரை. அந்த 40 பார் இடைவெளிக்குள் வேகம் 4 மீட்டருக்கு மேல் மாறவில்லை. அழுத்தத்தை இன்னும் மேலே கொண்டுபோனால் சுத்தியால் வால்வைத் திறக்கவே முடியாத நிலை வரும். விசையை இழுத்தால் மொட்டென்று ஓர் ஓசை மட்டும் கேட்கும். மறுபக்கம், அழுத்தம் ரொம்பவும் இறங்கிவிட்டால் வால்வு தேவைக்கு மேல் திறந்திருக்கும். குண்டு குழலை விட்டுப் போன பிறகும் காற்று கொட்டிக்கொண்டிருக்கும். அப்போது சத்தம் அதிகமாகும், வேகம் கூடாது.

இதிலிருந்து முதல் யோசனை தானாகவே வருகிறது. சிலிண்டர் 200 பார் தாங்கும் என்பதற்காக 200 பார் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. 170-இல் நிறுத்திக்கொண்டு, 130 வந்ததும் மறுபடி நிரப்பினால், ஒரு பைசா செலவில்லாமல் அந்தத் துப்பாக்கி ஒரே சீராகச் சுடும். பம்ப் அடிக்கும் கைக்கும் வேலை குறையும். 170-க்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு அடியும்தானே கடினமானது.

அழுத்தம் இறங்கிக்கொண்டே போவது இந்தத் துப்பாக்கிகளோடு கூடப் பிறந்த சிக்கல். 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் பார்த்தோலோமியஸ் ஜிரார்டோனி வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியைப் படைவீரர்களுக்குக் கொடுத்தது. தோளில் பதியும் பின்பகுதியே காற்றுக் கலம். அதை நிரப்பக் கைப்பம்பால் சுமார் 1,500 தடவை அடிக்க வேண்டும். நிரப்பிய கலம் பயன்படும்படியாக ஏறக்குறைய 30 குண்டுகளுக்குத் தாங்கும். பிறகு வேகம் விழுந்துவிடும். அதற்கு அன்று கண்ட வழி எளிமையானது: நிரப்பிய கலங்களைக் கூடுதலாகக் கையில் வைத்திருப்பது. அதே வகைத் துப்பாக்கி ஒன்றை அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன மெரிவெதர் லூயிஸ் தன்னோடு எடுத்துச் சென்றார். 1804 முதல் 1806 வரை நடந்த அந்த நெடும்பயணத்தில், வழியில் சந்தித்த பழங்குடி மக்களுக்குப் புகையில்லாமல் சுட்டுக் காட்டியதை அந்தக் குழுவினரின் நாட்குறிப்புகள் பலமுறை சொல்கின்றன.

இந்தச் சிக்கலுக்குப் பின்னாளில் வேறொரு வழி கிடைத்தது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-இல், லாஸ் ஏஞ்சலிஸில். அந்தக் காலத்தை ஒட்டிப் போட்டித் துப்பாக்கிகள் பல கார்பன் டை ஆக்சைடுக்கு மாறின. அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். அதன் மேல் நிற்கும் வாயுவின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் அது சுமார் 57 பார். கொஞ்சம் வாயு வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பத் திரவம் கொஞ்சம் ஆவியாகும். திரவம் மிச்சம் இருக்கிறவரை அழுத்தம் அப்படியே நிற்கும். இயற்கையே ஒரு ரெகுலேட்டரைக் கொடுத்தது போல.

ஆனால் அது வெப்பநிலைக்கு அடிமை. 10 டிகிரியில் 45 பார். 30 டிகிரியில் 72 பார். காலையில் சுட்ட இடத்தில் மதியம் குண்டு விழாது. 31 டிகிரியைத் தாண்டிவிட்டால் இன்னொரு விந்தை: அந்த வெப்பத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. திரவமே இல்லாதபோது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் அது இறங்கும். ஜெர்மனியில் சூடேற்றிய அரங்குக்குள் சுடுகிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. மதுரையிலோ வேலூரிலோ சுடுகிறவருக்கு வருஷத்தில் பல மாதங்கள் அந்த 31 டிகிரிக்கு மேலேதான். 1990-களின் பிற்பகுதியில் போட்டித் துப்பாக்கிகள் அடைத்த காற்றுக்கு வந்தன. அடைத்த காற்று வெப்பத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு ஆட்டம் போடாது. ஆனால் அதற்கு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் இயற்கைக் குணம் கிடையாது. அந்த வேலையைச் செய்ய ஒரு கருவி தேவைப்பட்டது.

கருவியின் தத்துவம் நம் வீட்டுச் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. கேஸ் சிலிண்டருக்குள் பல பார் அழுத்தம். அடுப்புக்குப் போவதோ சுமார் 30 மில்லிபார். நடுவில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர், சிலிண்டர் நிறைந்திருந்தாலும் காலியாகப் போகிற நேரமானாலும் சுடரை ஒரே மாதிரி வைத்திருக்கிறது. வெளியேறிய வாயுவின் அழுத்தமே திரும்பிவந்து, உள்ளே விடும் வாசலை மூடுகிறது. வெளிப்பக்கம் அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் வாசலைத் திறக்கிறது. துப்பாக்கி ரெகுலேட்டரும் இதையேதான் செய்கிறது, கட்டைவிரல் அளவு இடத்துக்குள், நூற்றுக்கணக்கான பார்களில்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு சிறு பிஸ்டன், ஆணி போன்ற வடிவம்: ஒரு முனை அகலமான தலை, மறு முனை ஒல்லியான தண்டு. தண்டின் நடுவே நீளவாக்கில் நுண்ணிய துளை. ஒல்லி முனை, சிலிண்டரிலிருந்து காற்று வரும் சின்னஞ்சிறு வாசலுக்கு எதிரில் நிற்கும். வாசலின் விளிம்பு கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது. அகலத் தலைக்கும் உடலுக்கும் நடுவே கிண்ணம்போலக் குழிந்த எஃகு வாஷர்கள், ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி அடுக்கப்பட்டிருக்கும். அவைதான் ஸ்பிரிங். பெல்வில் வாஷர் என்று பெயர். 1867-இல் பிரான்சில் ஜூலியன் பெல்வில் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தவை. சுருள் ஸ்பிரிங் ஏன் போடவில்லை என்றால், 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள தலையில் 120 பார் அழுத்தம் படும்போது விசை சுமார் 138 கிலோ எடைக்குச் சமமாகிறது. அதைத் தாங்கும் சுருள் ஸ்பிரிங் அந்தக் குழாய்க்குள் அடங்காது. வாஷர் அடுக்கு அடங்கும்.

துப்பாக்கி சுட்டதும் தலைப்பக்க அறையில் அழுத்தம் விழுகிறது. வாஷர்கள் பிஸ்டனைத் தள்ளி வாசலைத் திறக்கின்றன. காற்று தண்டின் துளை வழியாகத் தலைப்பக்கம் வந்து சேர்கிறது. அங்கே 120 பார் ஆனதும் அந்த அழுத்தமே வாஷர்களை நசுக்கிப் பிஸ்டனைத் திருப்பித் தள்ளி வாசலை அடைக்கிறது. பிஸ்டன் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. வாஷர்கள் இருக்கும் இடம் மட்டும் வெளிக்காற்றோடு தொடர்பில் இருந்தாக வேண்டும். அதற்கென ஒரு சிறு துளை இருக்கும். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்று லேசாகக் கசிந்து அந்த இடத்தில் காற்று சேர்ந்துவிட்டால், அது ஸ்பிரிங்குக்குத் துணைபோய் ரெகுலேட்டரின் அளவையே மாற்றிவிடும்.

வாசல் 2 மில்லிமீட்டர், தலை 12 மில்லிமீட்டர் என்றால் பரப்புகளின் விகிதம் 1-க்கு 36. சிலிண்டரின் அழுத்தம் 200-இலிருந்து 120-க்கு, அதாவது 80 பார் இறங்கினால், ரெகுலேட்டருக்குப் பின்னால் ஏற்படும் மாற்றம் அதில் 36-இல் ஒரு பங்கு. இரண்டு பாரும் கொஞ்சமும். பெருங்கடல் ஏறி இறங்க, குளத்தில் ஒரு சிறு அலை. அந்த இரண்டு பாரையும் முன்பு பார்த்த சுத்தி-வால்வு விளையாட்டு பெரும்பாலும் விழுங்கிவிடும். குரோனோகிராஃபில் போட்டால் குன்று மறைந்து, நீண்ட மேசைபோல ஒரு கோடு வரும். 120 பாருக்குக் கீழே போனதும் மேசையின் விளிம்பு. அதற்குப் பிறகு ரெகுலேட்டருக்கு வேலையில்லை, வாசல் திறந்தபடியே கிடக்கும்.

லாபம் எவ்வளவு? 150 மில்லிலிட்டர் சிலிண்டர் என்று கொள்வோம். ஒரு சூட்டுக்கு வெளிக்காற்றின் கணக்கில் 200 மில்லிலிட்டர் காற்று செலவு. ரெகுலேட்டர் இல்லாதபோது 170-இலிருந்து 130 வரை, 40 பார் இடைவெளி: 6 லிட்டர் காற்று, 30 குண்டுகள். ரெகுலேட்டர் இருந்தால் 200-இலிருந்து 120 வரை, 80 பார்: 12 லிட்டர், 60 குண்டுகள். இரண்டு மடங்கு. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஒருவர் சுடுவதும் 60 குண்டுகள்தான், ஒன்றேகால் மணி நேரத்துக்குள். நடுவில் நிரப்பாமல் முடிக்கலாம் என்பது அங்கே பெரிய நிம்மதி.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, ரெகுலேட்டர் துப்பாக்கியைக் கூர்மையாக்கவில்லை என்பது. குன்றின் சமதளத்தில் சுட்ட 30 குண்டுகளும் மேசையில் சுட்ட முதல் 30 குண்டுகளும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் இருக்கும். சமதளத்தை அது நீட்டிக் கொடுக்கிறது. குழல் சரியில்லை, பெல்லட் குழலுக்குப் பொருந்தவில்லை, தோள் நடுங்குகிறது என்றால் அதற்கெல்லாம் ரெகுலேட்டரில் மருந்து இல்லை. இலக்கு அட்டையில் குண்டுகள் சிதறுவதைப் பார்த்துவிட்டு நேரே ரெகுலேட்டர் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். காசை முதலில் நான்கைந்து வகைப் பெல்லட்டுகளுக்குச் செலவழித்திருக்கலாம்.

வேக மாற்றம் குறியை எவ்வளவு பாதிக்கிறது என்பது தூரத்தைப் பொறுத்தது, அதுவும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 240 மீட்டரில் போகும் குண்டு ஒன்று 235-க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் புவியீர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், 10 மீட்டரில் குண்டு கூடுதலாக இறங்குவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். 25 மீட்டரில் இரண்டே கால் மில்லிமீட்டர். 50 மீட்டரில் 9 மில்லிமீட்டர். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் 25 மீட்டரில் டப்பா சுடுகிறவருக்கு இந்த இரண்டே கால் மில்லிமீட்டர் கண்ணில்கூடப் படாது. பிரிட்டனில் பிறந்து பரவிய ஃபீல்டு டார்கெட் விளையாட்டில் 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் இரும்பு உருவத்தில் 40 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். அங்கே 9 மில்லிமீட்டர் என்பது வட்டத்தின் ஆரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு; காற்றடிக்கும் திசையைத் தவறாகக் கணிப்பதற்கும் கொஞ்சம் இடம் வைக்க வேண்டுமே.

10 மீட்டர் போட்டியில் தூரம் குறைவு என்பதால் தப்பிவிடலாமா என்றால், முடியாது. அந்தத் துப்பாக்கிகள் மெதுவானவை: நொடிக்கு 170 மீட்டர் அளவில் சுடுகின்றன. 170 ஒரு குண்டுக்கு 165 ஆகிவிட்டால் அது இலக்கில் ஒரு மில்லிமீட்டர் தாழ்வாக விழும். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டம். மையத்தில் விழுந்த குண்டுக்கு 10.9, அங்கிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி போகும். ஒரு மில்லிமீட்டர் என்றால் 0.4 புள்ளி. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் கடைசிக் குண்டுக்கு முன்னால் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், ஹாக்கினன் 9.7. தங்கம் இந்தியாவுக்கு வந்தது. மொத்தத்தில் 700.5 எடுத்த பிந்த்ராவுக்கும் 699.7 எடுத்து வெள்ளி வாங்கிய சீனாவின் ஜு கினானுக்கும் இடையில் 0.8 புள்ளிதான், நீளத்தில் சொன்னால் 2 மில்லிமீட்டர், 70 குண்டுகளுக்கும் சேர்த்து. கடலூரில் பிறந்து, 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் இதே 10 மீட்டர் ரைஃபிளில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் தினமும் பயிற்சி செய்வது இந்தக் கால் மில்லிமீட்டர்களுக்காகத்தான். அவர்களுடைய துப்பாக்கியில் ரெகுலேட்டர் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலையிலிருந்தே அதோடுதான் வருகிறது.

ரெகுலேட்டர் பொருத்த இன்னொரு காரணமும் உண்டு, சட்டம் சம்பந்தப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கும் ஏர் ரைஃபிள் 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல் ஆற்றலைத் தாண்டக் கூடாது. குன்று வடிவத்தில் சுடும் துப்பாக்கியின் உச்சிகூட அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதால், மற்ற குண்டுகள் எல்லாம் அதற்கும் கீழே போய்விடும். மேசை வடிவத்தில் சுடுவதை வரம்புக்குச் சற்றே கீழே நிறுத்திவிடலாம். எல்லாக் குண்டுக்கும் முழு ஆற்றல் கிடைக்கும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டர் விட்டத்தையோ 20 ஜூலையோ தாண்டினால் உரிமம் வேண்டும். 0.55 கிராம் குண்டு நொடிக்கு 240 மீட்டரில் சென்றால் 16 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. 270 மீட்டரைத் தொட்டால் 20 ஜூலைத் தாண்டிவிடும். ரெகுலேட்டர் பொருத்திய கையோடு சுத்தியின் ஸ்பிரிங்கையும் இறுக்கிப் பார்க்கும் ஆசை வரும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரெகுலேட்டர் தன்னோடு கொண்டுவரும் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். பெரிய சிலிண்டர் முழுவதும் முன்பு வால்வுக்குப் பின்னால் நின்றது. இப்போது வால்வுக்கு உடனடியாகக் கிடைப்பது ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் இடைப்பட்ட சிறு அறையில் இருக்கும் காற்று மட்டும். அந்த அறை போதாவிட்டால் குண்டு குழலைக் கடப்பதற்குள்ளேயே அழுத்தம் சரிந்துவிடும், ஆற்றல் குறையும். அதிக ஆற்றல் வேண்டுகிற துப்பாக்கியில் இது பெரிய குறை. அறையைப் பெரிதாக்கினால் அந்த அளவுக்குச் சிலிண்டர் சிறியதாகும், குண்டுகளின் எண்ணிக்கை குறையும்.

அடுத்தது தண்ணீர். இதை நம் கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டும். 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. 150 மில்லிலிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 30 லிட்டர் காற்று வேண்டும். அதில் இருக்கும் நீர் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட 15 சொட்டு. பம்பில் இருக்கும் வடிகட்டி அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் உள்ளே போகும். வெறும் சிலிண்டருக்கு இது மெதுவான கேடு. ரெகுலேட்டருக்கு உடனடிக் கேடு: எஃகு வாஷரில் துரு, வாசல் விளிம்பில் அழுக்கு. மயிரிழை அளவு தூசி வாசலில் சிக்கினாலே அது முழுதாக மூடாது. காற்று மெல்லக் கசிந்து சிறு அறையின் அழுத்தம் 120-க்கு மேலே ஊர்ந்து ஏறும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. துப்பாக்கியை இரவு முழுவதும் சும்மா வைத்துவிட்டு, காலையில் முதல் குண்டின் வேகத்தையும் அடுத்த ஐந்தாறு குண்டுகளின் வேகத்தையும் ஒப்பிட வேண்டும். முதல் குண்டு மட்டும் தனித்து நின்றால் கசிவு இருக்கிறது.

ஆகவே முடிவெடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒரு வேலை: ஒரு குரோனோகிராஃபை இரவலாவது வாங்கி, சிலிண்டரை நிரப்பி, அழுத்தம் இறங்கும் வரை ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் எழுதி வரைபடம் போடுவது. சமதளத்தில் எத்தனை குண்டுகள் கிடைக்கின்றன, அவற்றுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கலாம். உட்கார்ந்தால் ஒரு நேரத்தில் 25 குண்டுதான் சுடுவேன், அதுவும் 25 மீட்டருக்குள் என்பவருக்குத் துப்பாக்கி ஏற்கெனவே 30 கொடுக்கிறது என்றால், ரெகுலேட்டர் வேண்டாம் என்றே நான் சொல்வேன். கெட்டுப்போக ஒரு உறுப்பு குறைவாக இருக்கும். 50 மீட்டரில் போட்டிக்கு நிற்பவர், நிரப்ப வசதியில்லாத இடத்தில் 50, 60 குண்டுகள் சுட வேண்டியவர், சமதளமே அகலமில்லாத துப்பாக்கியை வைத்திருப்பவர் ஆகியோருக்குப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

போடுவது என்று முடிவானால், அதைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதே சரி. சில மாடல்களில் வாஷர் அறைக்குக் காற்றோட்டத் துளை போட வேண்டியிருக்கும். 200 பார் தாங்கும் குழாயில் துளையிடுவது வீட்டு டிரில்லில் செய்கிற வேலை கிடையாது. ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கக்கூடும். பொருத்திய பிறகு சுத்தி ஸ்பிரிங்கைப் பெரும்பாலும் தளர்த்த வேண்டியிருக்கும். முன்பு 200 பாரை எதிர்த்துத் திறந்த அடி, இப்போது 120 பாருக்கு அதிகம். தளர்த்தாவிட்டால் வால்வு வெகுநேரம் திறந்து காற்றை வீணடிக்கும், ரெகுலேட்டர் தந்த லாபம் அங்கேயே போய்விடும். குரோனோகிராஃபை முன்னால் வைத்துக்கொண்டு கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். வேகம் லேசாக இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால், சுத்தியும் வால்வும் தங்களைத் திருத்திக்கொள்ளும் அந்தப் பழைய குணம் ரெகுலேட்டருக்குத் துணையாக வேலை செய்யும்.

பிற்பாடு எப்போதாவது பிரித்துப் பார்க்க நேர்ந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. நிரப்பும் வாய் வழியாகச் சிலிண்டரைக் காலி செய்தாலும், ரெகுலேட்டர் மூடிய நிலையிலேயே இருப்பதால் அதற்குப் பின்னால் உள்ள சிறு அறையில் 120 பார் அப்படியே அடைபட்டிருக்கலாம். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தைக் காட்டும், ஏனென்றால் அது பார்ப்பது சிலிண்டர் பக்கத்தை. குண்டில்லாமல், பாதுகாப்பான திசையில், ஓசை நிற்கும் வரை சுட்டுக் காலி செய்துவிட்டுத்தான் ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.